கப்பலேறாதவர்களின் சபை

மாசிலாமணி உபதேசியார் சைகோன் துறைமுகத்தில் வந்து இறங்கியது 1954 செப்டம்பர் பதினாறாம் தேதி. அவரை வரச்சொல்லிக் கடிதம் எழுதிய ஜூல், ஐந்து வாரங்களுக்கு முன்பே அதே துறைமுகத்தில் கப்பலேறிக் காரைக்காலுக்குப் போய்விட்டிருந்தார். உபதேசியாருக்கு அது தெரியாது. முகவரி எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பாலத்தைக் கடந்து, கான் ஹோய் பகுதியில் மரப்பலகை வீடுகளுக்கிடையே அரை மணி நேரம் அலைந்து வீட்டைக் கண்டுபிடித்தார். வியட்நாமியப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"ஜூல் ஐயா இருக்காங்களா?" என்று கேட்டார்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பதில் சொன்னாள்.

"ஜூல் இல்ல. கப்பல் போச்சு. நீ யாரு?"

அவள் பெயர் லியென். ஜூலோடு பதினான்கு வருடம் குடும்பம் நடத்தியவள். அந்தக் கல்யாணம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒடெட் என்று பன்னிரண்டு வயதில் ஒரு மகள். அவளை மட்டும் ஜூல் தன் மகள் என்று அரசாங்கத்தில் பதிவு செய்திருந்தார். பேப்பர் சரியானதும் இரண்டு பேரையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஜூல் சுங்கத்தில் காவலராக இருந்தவர். பிறப்பால் கத்தோலிக்கர். யாரோ ஒரு மாலுமி கொடுத்த தமிழ் வேதாகமத்தைப் படித்துவிட்டு, அதன் முதல் பக்கத்தில் இருந்த முகவரியைப் பிடித்துப் பாளையங்கோட்டையில் ஒரு மிஷனெரி சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். இங்கே நாற்பது தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, தமிழில் வேதம் வாசித்துச் சொல்ல ஆளில்லை என்று எழுதினார். சங்கம் கூடிப் பேசி, கிராமத்துப் பெண்கள் உலையரிசியில் ஒரு பிடி ஒதுக்கிப் பிடியரிசி சேர்த்து, ஆளைத் தேர்ந்தெடுத்து, அரசாங்க அனுமதி வாங்குவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் போரில் தோற்றுப் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய அலுவலகங்களில் வேலை பார்த்த காரைக்கால், புதுச்சேரித் தமிழர்களும் பெட்டி கட்டினார்கள். பத்திரிகையில் இதையெல்லாம் படித்த சங்கத்தார் ஒருவருக்கும், அது தங்கள் காரியத்தைப் பாதிக்கும் என்று தோன்றவில்லை.

உபதேசியாருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பண்ணைவிளைக்காரர். மனைவி முதல் பிரசவத்திலேயே குழந்தையோடு இறந்துபோனாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து உபதேசியார் ஆனவர். ஆண்கள் இல்லாத வீட்டில் தங்குவது சரியில்லை என்று, டோங் டு பள்ளிவாசலுக்குப் பின்னால் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த நத்தர்ஷாவின் மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். நத்தர்ஷாவும் காரைக்கால்காரர்தான்.

"உபதேசியாரே, எல்லாரும் வெளியே போற நேரத்துல உள்ளே வர்ற ஒரே ஆளு நீங்கதான்," என்று முதல் நாளே நத்தர்ஷா சொன்னார். "பரவால்ல, பசியாறுங்க மொதல்ல."

ஆராதனை நடத்த இடம் கொடுத்தது லியென்தான். அது ஜூல் கொடுத்த வாக்கு, அவர் திரும்பி வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது அவள் கணக்கு. முதல் ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் பதினொரு தமிழர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய வியட்நாமிய மனைவிமார் சமையலறை வாசலை ஒட்டிக் குழந்தைகளுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். உபதேசியார் கீர்த்தனை பாடி, முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். பெண்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அதைப் பற்றி அவர் யோசிக்கவும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து தமிழர்கள் இருந்தார்கள். பிப்ரவரி கடைசியில் ஒருவர், அவரும் காது கேளாதவர். மார்ச் மாதம் அவரையும் அவர் தம்பி வந்து அழைத்துக்கொண்டு போனார். சிலர் குடும்பத்தோடு போனார்கள். பலர் தனியாகப் போனார்கள். ஆண்கள் போகப் போகப் பெண்கள் சமையலறை வாசலிலிருந்து முன்னறைக்கு நகர்ந்து வந்தார்கள். ஒன்பது பேர் தவறாமல் வந்தார்கள்.

அவர்கள் வந்தது வேதத்துக்காக அல்ல, கடிதத்துக்காக. போனவர்கள் தமிழில்தான் கடிதம் எழுதினார்கள். அதைப் படித்துச் சொல்ல உபதேசியாரை விட்டால் அந்தப் பகுதியில் ஆள் கிடையாது. அவர் வாசித்துத் தமிழிலேயே எளிதாகச் சொல்வார், லியென் வியட்நாமிய மொழியில் சொல்வாள். கடிதங்கள் முடிந்ததும் அவர் வேதாகமத்தைத் திறப்பார். எழுந்து போவது மரியாதை இல்லை என்று பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

லியென் தெரிந்துவைத்திருந்தது அடுப்படித் தமிழ். புருஷன் வாயிலிருந்து மட்டும் கற்ற தமிழ். அவளுக்கு 'நீ' மட்டும்தான் தெரியும். 'நீ உக்காரு, நீ குடி, நீ நாளைக்கு வா' என்று அவள் பேசும்போது, இருபது வருடமாக ஊரில் 'ஐயா' என்று அழைக்கப்பட்ட உபதேசியாருக்கு முதலில் முகம் சுருங்கியது. ஒரு தடவை அவளிடம் "நீங்க" என்று சொன்னார். அவள் திரும்பிப் பார்த்து, வேறு யார் வந்திருக்கிறார்கள் என்று தேடினாள். அதற்குப் பிறகு அவரும் 'நீ' என்றே பேசினார்.

அந்த அடுப்படித் தமிழுக்குள் வேதத்தைக் கொண்டுவருவது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. பாளையங்கோட்டையில் கேட்டவர்கள் தலையாட்டிய பிரசங்கங்கள் எதுவும் இங்கே ஆகவில்லை.

"கிருபைன்னா என்ன?" என்று லியென் கேட்டாள்.

"கேக்காமலே குடுக்கது. நம்மகிட்ட ஒண்ணும் வாங்காம."

"இனாம்."

"ஆமா, இனாம்."

"யாரு இனாம் குடுப்பா?" என்று அவள் மற்றவர்களைப் பார்த்து வியட்நாமிய மொழியில் கேட்டாள். ஒன்பது பேரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரம் வரும்போது, அந்தக் கேள்விக்குப் பதில் என்ன என்று ஒருத்தி திரும்பக் கேட்டாள்.

மார்ச் பத்தாம் தேதி உபதேசியாரின் பெயருக்கே ஜூலிடமிருந்து கடிதம் வந்தது. காரைக்காலில் உறவுக்காரப் பெண் ஒருத்தியைக் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டதாகவும், லியெனை அழைக்க வழியில்லை என்றும் ஜூல் எழுதியிருந்தார். ஒடெட் தன் பெயரில் பதிவான பிள்ளை, அவளை மட்டும் யாராவது கப்பலேறும் குடும்பத்தோடு அனுப்பி வைக்க வேண்டும். தாயிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். பேப்பர் தாமதமாகிறது என்று மட்டும் சொன்னால் போதும்.

உபதேசியார் அந்தக் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பிள்ளையை அனுப்பும் காரியத்தில் தான் கைவைப்பதில்லை என்று முடிவெடுத்தார். மற்றதைப் பற்றி ஒரு முடிவும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாருடைய கடிதங்களும் முடிந்தபின் லியென் கேட்டாள்.

"ஜூல் லெட்டர் வந்துச்சா?"

"வந்துது."

"என்ன சொல்லுது?"

"பேப்பர் தாமசமாகுதாம். இன்னும் கொஞ்ச நாளாகும்."

அவள் முகம் தெளிந்தது. மற்றப் பெண்கள் என்ன என்று கேட்க, அவள் அந்தப் பொய்யைத் தன் வாயாலேயே அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஏப்ரல் பாதியில் ஒரு சனிக்கிழமை, அடுத்த நாள் ஆராதனைக்காக உபதேசியார் பாய்களை விரித்துக்கொண்டிருந்தபோது எட்மோனும் அவர் மனைவி மார்கரித்தும் வந்தார்கள். எட்மோன் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், ஜூலின் சிநேகிதர். அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார்.

"பொன்ழூர், உபதேசியாரே. கப்பல் இருபத்தாறாந் தேதி," என்றார். "புள்ளைய இருபத்தஞ்சே எங்க வீட்டுக்கு அனுப்பிச்சுடுங்க. துணி ரெண்டு செட்டு போதும். மத்ததெல்லாம் அங்க ஜூல் பாத்துக்குவாரு."

"எந்தப் புள்ள?" என்று லியென் கேட்டாள்.

எட்மோன் அவளையும் உபதேசியாரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னுமா சொல்லல?" என்று தமிழில் அவரிடம் கேட்டுவிட்டு, அவளிடம் பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். மார்கரித் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் எட்மோன் தொடங்கியதை நிறுத்துகிற ஆள் இல்லை. கல்யாணம், புதுப் பெண், பேப்பர், ஒடெட் எல்லாவற்றையும் நீதிமன்றத்தில் வாசிப்பதுபோல வரிசையாகச் சொல்லி முடித்தார்.

லியென் உபதேசியாரிடம் திரும்பினாள்.

"நீ தெரியும்?"

"தெரியும்."

"எத்தன நாள்?"

"முப்பத்தேழு நாளு."

அவள் உள்ளே போய், பாடம் எழுதிக்கொண்டிருந்த ஒடெட்டின் தோளில் கைவைத்துக்கொண்டு, "எம் பொண்ணு கப்பல் போகாது" என்று எட்மோனிடம் சொன்னாள். பிறகு விரித்த பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி உபதேசியார் கையில் கொடுத்து, வாசலைக் காட்டினாள். மூன்று பேரும் வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டது.

தெருவில் மார்கரித் அழுதாள். "அந்தப் பொம்பள கிட்ட நாம பேசின விதமே தப்புங்க" என்று புருஷனிடம் சொன்னாள். ஒடெட் இல்லாமலேதான் அவர்கள் கப்பலேறினார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் போனபோது கதவு திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. நத்தர்ஷாவிடம் நடந்ததைச் சொன்னார்.

"நா அந்த எடத்துல இருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன்," என்றார் நத்தர்ஷா. "ஆனா நா சாப்பாட்டுக்கடை வெச்சிருக்கறவன். நீங்க சத்தியம் சொல்ல வந்தவருல்ல?"

அந்த வாரம் வியாழக்கிழமை நகரத்துக்குள்ளேயே சண்டை மூண்டது. அரசாங்கப் படைக்கும், இத்தனை காலம் போலீசைக் கையில் வைத்திருந்த ஆயுதக் கும்பலுக்கும் நடந்த சண்டை. சோலோன் பக்கம் பீரங்கிக் குண்டு விழுந்து ஓலை வீடுகள் தெருத்தெருவாக எரிந்தன. நத்தர்ஷாவின் மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே வானம் முழுக்கப் புகை. மூன்றாம் நாள் வெடிச்சத்தம் சற்று அடங்கியதும், நத்தர்ஷா ஒரு மூட்டை அரிசியை எடுத்து வைத்து, "கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க, அது போதும். ஒண்ணும் பேச வேணாம்," என்றார்.

சிக்ளோ என்ற மிதிவண்டி ரிக்‌ஷாவில் மூட்டையை ஏற்றிக்கொண்டு உபதேசியார் கான் ஹோய்க்குப் போனார். லியெனின் வீட்டில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். சபைப் பெண்களில் மூன்று பேருக்கு வீடு போய்விட்டது. அவர்கள் பிள்ளைகள், மாமியார், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று எல்லாரும் அந்த முன்னறையில் கிடந்தார்கள். லியென் அரிசி மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள். பிறகு இரண்டு தகர வாளிகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"தண்ணி," என்றாள்.

தெருக்குழாய் நானூறு அடி தூரத்தில் இருந்தது. வரிசையில் நிற்க வேண்டும். உபதேசியார் ஒன்பது நாள் தினமும் வந்து தண்ணீர் சுமந்தார். காவடிபோலத் தோளில் கம்பு வைத்துத் தூக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. முதல் நாளே தோள் பொத்துப்போனது. ஒரு கிழவி அவருக்குத் துணியை மடித்து வைத்துக் காட்டினாள். அந்த ஒன்பது நாளும் அவர் வேதாகமத்தைக் கொண்டுபோகவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை, லியென் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் வாளிகளைக் கவிழ்த்து வைத்தார்.

"நீ ஏன் பொய் சொன்ன?" என்று அவள் கேட்டாள். "நான் பாவம்னா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதை நம்பவும் கூடும். உபதேசியார் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இல்ல. நீ கேட்டா அழுவ, கதவ மூடிருவன்னு பயந்தேன். கதவ மூடுனா சபை இல்ல. ஊருக்குக் கடுதாசி எழுத எனக்கு ஒண்ணும் இருக்காது. அதான்."

அவள் கையிலிருந்த கீரைத்தண்டைக் கிள்ளிப் போட்டாள்.

"இது என் வீடு," என்றாள். "உன் சபை இல்ல."

"ஆமா."

"ஞாயிறு வா. எல்லாரும் இருப்பாங்க. இதச் சொல்லு. எங்க பாஷைல சொல்லு."

எட்டு மாதமாகியும் உபதேசியார் வியட்நாமிய மொழியில் சந்தையில் விலை கேட்பதற்கு மேல் கற்றிருக்கவில்லை. லியென் இருக்கிறாள் என்ற தைரியம். இப்போது நத்தர்ஷாவின் கடையில் காய்கறி நறுக்கும் பெண்ணிடம் கேட்டு, ஏழு வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, நான்கு நாள் மனப்பாடம் செய்தார். அப்படியே நகரத்தில் இருந்த வியட்நாமியப் புரோட்டஸ்டண்ட் கோயிலுக்குப் போய், அவர்கள் மொழி வேதாகமம் ஒன்றும் வாங்கினார். அப்படி ஒன்று அச்சாகிப் பல வருடமாகிறது என்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த முன்னறையில் நின்று சொன்னார். லியெனுக்கு வந்த கடிதத்தைத் தான் மறைத்ததாக, தனக்காகவே மறைத்ததாக, அது பாவம் என்று. நான் பொய் சொன்னேன் என்ற இடத்தில் உச்சரிப்பு பிசகிவிட்டது. பொய் என்ற சொல் வௌவால் ஆகிவிட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. கிழவி ஒருத்தி சரியான சொல்லை எடுத்துக்கொடுத்தாள். அவர் அவள் வாயைப் பார்த்து மூன்று தடவை திருத்திச் சொன்னார். லியென் சிரிக்கவில்லை. சொல்லி முடிந்ததும் உட்காரச் சொன்னாள். அவர் வேதாகமத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பெண்களோடு பாயில் உட்கார்ந்தார்.

அவள் அதை எந்தப் புத்தகத்தையும் படிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். உபதேசியார் புதிய ஏற்பாட்டைக் காட்டிப் பார்த்தார். "கத நடுவுலயா தொடங்கும்?" என்று கேட்டாள். வாரத்துக்கு நான்கைந்து அதிகாரம் போனது. ஜூன் ஆரம்பத்தில் ஆபிரகாமின் வேலைக்காரி ஆகார் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிற இடம் வந்தது. லியென் அந்த வரியில் விரலை வைத்தாள். அவள் மறுபடி ஒரு தடவை அதே பகுதியைப் படித்தாள். பிறகு பேச்சு ஆரம்பித்தது. ஆபிரகாம் செய்தது அநியாயம் என்றாள் ஒருத்தி. மூத்தவள் சொன்னால் இவன் கேட்பானா என்றாள் இன்னொருத்தி. ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுத்து அனுப்பினானாம், இத்தனை ஆடுமாடு இருந்ததே என்று கிழவி கோபப்பட்டாள். அந்தப் பிள்ளையின் சத்தத்தைக் கடவுள் கேட்டார் என்று எழுதியிருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று வீடு எரிந்தவர்களில் ஒருத்தி கேட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். உபதேசியாருக்குக் கால்வாசிதான் விளங்கியது. யாரும் அவரிடம் அர்த்தம் கேட்கவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கு, வந்த நாளிலிருந்து ஒரு நாளும் இல்லாத சந்தோஷமாக இருந்தது. கூடவே, தனக்கு இங்கே வேலை குறைந்துகொண்டு வருவதும் தெரிந்தது.

சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இப்போது எத்தனை தமிழ்க் குடும்பங்கள் சபையில் இருக்கின்றன என்று கேட்டிருந்தார்கள். தமிழ்க் குடும்பம் ஒன்றும் இல்லை, சபையார் இருபத்திரண்டு பேர் என்று அவர் பதில் எழுதினார். யார் அந்த இருபத்திரண்டு பேர் என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். நான்கு மாதம் கழித்து உத்தரவு வந்தது. தமிழருக்கென்று அனுப்பப்பட்ட ஊழியர் தமிழர் இல்லாத இடத்தில் இருப்பதற்கில்லை. மலாயாவில் ரப்பர் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழர் இருக்கிறார்கள், சிரம்பானுக்குப் போகவும். படித்ததும் அவருக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு நாளில் தணிந்தது. அவர்களும் பிடியரிசி போட்ட பெண்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்தானே.

புறப்படுவதற்கு முன் வியட்நாமியப் போதகர் தியென் என்பவரைப் போய்ப் பார்த்து, இந்தச் சபையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். தியென் மெலிந்த மனிதர், நிதானமாகப் பேசுபவர். ஒரு ஞாயிறு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்களை உங்கள் கோயிலுக்கு நடந்து வரச்சொல்வீர்களா? தகப்பன் போய்விட்ட பிள்ளைகளை உங்கள் ஆட்கள் பக்கத்தில் உட்காரவைப்பார்களா? லியென் வாசிப்பதை நிறுத்துவீர்களா?

"நடக்க வேண்டாம், நாங்கள் வருகிறோம்," என்றார் தியென். இரண்டாவது கேள்விக்கு, என் பக்கத்தில் உட்காரவைக்கிறேன் என்றார். மூன்றாவதற்குத்தான் சற்றுத் தயங்கினார். மாதத்தில் இரண்டு ஞாயிறு பிரசங்கியார் வருவார், மற்ற ஞாயிறுகளில் அந்த அம்மாள் வாசிக்கட்டும் என்று முடிவாயிற்று.

உபதேசியாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. நவம்பரில் தியென்தான் பதினேழு பேருக்குக் கொடுத்தார். ஊரில் தலையில் தண்ணீர் தெளிப்பதுதான் வழக்கம். இவர்கள் ஆளை முழுதாகத் தண்ணீரில் முக்கினார்கள். கிழவி மூச்சுத் திணறி எழுந்து, போதகரை ஒரு அதட்டுப் போட்டாள்.

1956 ஜனவரியில், கப்பலுக்கு முந்தின நாள், உபதேசியார் விடைபெற வந்தார். லியென் முன்னறையில் புதிய நோட்டு ஒன்றில் சபையார் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள். தியெனும் இருந்தார்.

"என் பேரையும் எழுது," என்றார் உபதேசியார்.

"நீ போற."

"போனா என்ன? எனக்கும் ஒரு சபை வேணும்லா."

அவள் தியெனைப் பார்த்தாள். "இவன தண்ணில முக்கல," என்று முதலில் தமிழிலும் பிறகு அவர் மொழியிலும் சொன்னாள். தியென் முதல்முறையாகச் சிரித்தார். அதை அவர் ஊர்ச் சபை பார்த்துக்கொண்டது, நாம் எழுதிக்கொள்ளலாம் என்றார்.

லியென் பேனாவை எடுத்தாள். பெயர் கேட்டாள், பிறந்த தேதி கேட்டாள், தகப்பன் பெயர் கேட்டாள். பிறந்த ஊர் என்றபோது அவர் பண்ணைவிளை என்றார். அவள் காதில் விழுந்தபடி அவர்கள் எழுத்தில் எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார். எந்த வரைபடத்திலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பெயர் அங்கே இருந்தது. அவர் திருத்தவில்லை.

"மை காயட்டும்," என்று அவள் நோட்டை விரித்தபடியே ஜன்னலோரம் வைத்தாள். ஒடெட் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, எல்லாருக்கும் சோறு போடலாமா என்று உள்ளேயிருந்து கேட்டாள்.